பேரம் பேசக்கூடாது

வணக்கம், நேயர்களே. மருந்துக்கடையில் சீட்டை நீட்டுகிறோம், கடைக்காரர் பில்லைப் போட்டு ஒரு தொகையைச் சொல்கிறார். அந்தத் தொகையை யார் முடிவு செய்தது? பல வருஷமாக என்னை விடாத கேள்வி இது. அமெரிக்காவில் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வக்கீலிடம் போய் நிற்போம்.

பெயர் பில்லி டோசான். லூசியானா மாநிலத்துக்காரர், 1943இல் பிறந்தவர். சட்டம் படித்தார், மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார், 1980இல் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். 1995இல் ஜனநாயகக் கட்சியை விட்டுக் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். கட்சித் தாவல் நமக்கென்ன புதிதா, அதை விடுங்கள். 2001இல் எரிசக்தி, வணிகக் குழுவுக்குத் தலைவரானார் பாருங்கள், அதுதான் முக்கியம். பெயரில் மருந்து இல்லை. ஆனால் மருந்துச் சட்டங்கள் அந்தக் குழுவின் கையில்தான் இருந்தன.

இப்போது 2003 நவம்பர் 22ஆம் தேதிக்கு வாருங்கள். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் மாத்திரை மருந்துகளையும் சேர்க்கும் மசோதா. விடியற்காலை மூன்று மணிக்கு வாக்கெடுப்பு தொடங்குகிறது. வழக்கமாகப் பதினைந்து நிமிஷத்தில் முடிய வேண்டியது. எண்ணிப் பார்த்தால் ஆளுங்கட்சி தோற்கிறது! உடனே முடித்துவிட்டார்களா? இல்லையே. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வாக்குப்பதிவைத் திறந்தே வைத்திருந்தார்கள். மறுத்தவர்களைச் சுற்றி நின்று பேசினார்கள். ஜனாதிபதி புஷ்ஷே போனில் பேசினார். நிக் ஸ்மித் என்கிற மிச்சிகன் உறுப்பினர், ‘ஆதரித்தால் தேர்தலில் நிற்கும் உன் மகனுக்கு உதவுவோம்’ என்று ஆசை காட்டியதாகப் பின்னால் சொன்னார். அவர் மசியவில்லை. சிலர் மசிந்தார்கள். பொழுது விடியும் நேரத்தில் 220க்கு 215 என்று மசோதா ஜெயித்தது.

முதியவர்களுக்கு மருந்து கிடைத்தது, அது நல்லதுதான். ஆனால் உள்ளே ஒரு விதி இருந்தது: விலை விஷயத்தில் அரசாங்கம் மருந்துக் கம்பெனிகளோடு பேரம் பேசக்கூடாது. திரும்பவும் சொல்கிறேன், பணம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது, பேரம் மட்டும் பேசக்கூடாது! சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் நம் பாட்டி கேட்டால் சிரிப்பாள். அதே நாட்டில், முன்னாள் படைவீரர்களுக்கான துறை பேரம் பேசித்தான் மருந்து வாங்குகிறது.

இந்த மசோதாவை நகர்த்தியவர்களில் முக்கியமானவர் டோசான். 2005 ஜனவரியில் பதவி முடிந்தது. அதே மாதம் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்குத் தலைவரானார். சம்பளம் வருஷத்துக்குச் சுமார் இருபது லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. இடையில் அவருக்குப் புற்றுநோய் வந்தது, புது மருந்தொன்றுதான் தன்னைக் காப்பாற்றியது, அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் உறுத்துகிறது. சட்டவிரோதம் ஏதுமில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒலிப்பதிவு அறையில் கையைக் காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 தேர்தலில் ஒபாமா இவரை விளம்பரத்திலேயே சாடினார். அடுத்த வருஷமே ஒபாமாவின் ஆட்கள் இவரோடு உட்கார்ந்து, பத்து வருஷத்தில் மருந்துக் கம்பெனிகள் 8,000 கோடி டாலர் விட்டுக்கொடுப்பதாக உடன்பாடு செய்தார்கள். பேரத் தடை அப்படியே நின்றது. 2010இல் டோசான் விலகினார். 2022இல் வந்த சட்டம்தான் பேரத்துக்கு வழி விட்டது, அதுவும் சில மருந்துகளுக்கு மட்டும். முதல் பத்து மருந்துகளுக்கான புது விலை 2026 ஜனவரியிலிருந்துதான். வணக்கம்.