தேசிங்கு கதையை நவாப் பக்கம் நின்னும் சொல்லிப் பாருங்க

வணக்கம் மக்களே. பின்னாடி தெரியறது பாலாறு. இந்தக் கரை ஆற்காடு, அந்தக் கரை ராணிப்பேட்டை. நடுவுல மணல்தான், அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இன்னிக்கி பசங்களுக்குக் கதை சொல்றவங்களுக்கு. தேசிங்கு ராஜன் கதையையே எடுத்துக்குவோம். செஞ்சிக் கோட்டை வீரன் ஒரு பக்கம், ஆற்காட்டு நவாப் ஒரு பக்கம். 1714ல சண்டை எதுக்கு வந்துச்சு? கப்பப் பாக்கி. நவாப் சாதத்துல்லா கான் கேட்டாரு, தேசிங்கு கட்ட மாட்டேன்னாரு. கதை சொல்றப்ப முதல்ல உதிர்றது இந்தப் பாக்கிதான். அது உதிர்ந்தா மிஞ்சறது நல்லவன், கெட்டவன். அதையே கேட்டு வளர்ந்த ஆளு, வரப்புத் தகராறு வந்தா அளவுக்கல்லைத் தேட மாட்டாரு, கெட்டவன் யாருன்னுதான் தேடுவாரு.

அடுத்து உதிர்றது மோவுத்துக்கான். தேசிங்கோட உயிர்த் தோழன், முஸ்லிம், கல்யாணத்தைப் பாதியில விட்டுட்டுச் சண்டைக்கு வர்றவன். அவனை விட்டுட்டா, கதை மதச் சண்டையா மாறிடும்.

எப்பிடிச் சொல்றது? முதல் நாள் பத்து நிமிஷம், நிறுத்தாம முழுசா. கேள்வியே வேணாம். மறுநாள் படை கிளம்பற இடத்துல நிறுத்துங்க. "நவாப்புக்கு இப்ப என்ன தெரியும், என்ன தெரியாது?" அவ்ளோதான் கேள்வி. "யாரு பக்கம் நியாயம்?"னு கேட்டீங்கன்னா ஒத்தை வார்த்தையில பதில் வந்து பேச்சே செத்துரும். நாலு வயசுக்குக் கீழ இந்த "என்ன தெரியும், என்ன தெரியாது" கேள்வியைக் கேக்காதீங்க. நமக்குத் தெரிஞ்சது அடுத்தவனுக்குத் தெரியாம இருக்கும்ங்கறது பெரும்பாலும் 4, 5 வயசுலதான் பிடிபடும்.

மூணாவது நாள் குழந்தையே நவாப்பா நின்னு பேசட்டும். எட்டு வயசு தாண்டின பசங்கன்னா ராணிப்பேட்டையைக் காட்டுங்க. உடன்கட்டை ஏறின தேசிங்கோட ராணி நினைவா நவாப் உண்டாக்கின ஊருன்னு சொல்றாங்க. தோத்தவன் பொண்டாட்டி பேருல ஜெயிச்சவன் எதுக்கு ஊர் வைக்கணும்? விட்டுப் பாருங்க, அரை மணி நேரம் ஓடும்.

நடுவுல கேள்வி கேட்டா "சும்மா கேளு"ன்னு அதட்டறோம் பாருங்க, அங்கதான் மொத்தமும் கெட்டுப் போவுது. நம்ம கூத்துல ராஜாவே வந்து நின்னாலும் கட்டியக்காரன் "யாரு, எந்த நாடு"ன்னு விசாரிக்காம விடறானா? "பாக்கி எவ்ளோ?"ன்னு குழந்தை கேட்டா வாய்க்கு வந்த தொகையைச் சொல்லாதீங்க. "தெரியல, தேடுவோம்"னு சொல்லிட்டு, மறுநாள் நெஜமாவே நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.