சேரின் சுண்ணாம்பு வாளியும் ஆர்தர் ஆஷின் சிலையும்

(வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு மாலை பேசியது. எழுதித் தரச் சொல்லிச் சிலர் கேட்டதால் பேசியபடியே போடுகிறேன். இருமலை மட்டும் எடுத்துவிட்டேன்.)

தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர் அவர்களே, இந்த மழைக்குள்ளும் சொன்ன நேரத்துக்கு வந்து எங்களை வெட்கப்பட வைத்த டொக்டர் அம்மா அவர்களே, தேத்தண்ணிக்கும் வடைக்கும் பொறுப்பேற்று, ஆனால் பெயர் சொல்லவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட வர்த்தகப் பெருமகன் அவர்களே (மூன்றாவது வரிசை, நீலச் சேர்ட், பெயர்தானே சொல்லக் கூடாது), முன்வரிசைப் பெரியவர்களே, பின்வரிசையில் ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம். பிரமுகர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், அவருடைய கதிரை இன்னும் சும்மா கிடக்கிறது. வந்தால் நல்லது. கடைசியில் நான் சொல்லப்போவது அவருக்குத்தான்.

அமெரிக்க டெனிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் பற்றி மூன்று விஷயம் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள்: சிலையால் வந்த சண்டை, நோயால் வந்த சண்டை, தென்னாபிரிக்காவுக்குப் போனதால் வந்த சண்டை. பார்ப்போம், மணி அடிக்கிற தம்பியின் மனசைப் பொறுத்தது.

எங்கள் அம்மம்மா செத்த வீட்டுக்குப் போய்வந்து கால் கழுவும்போதே சொல்வார், "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்." நானும் எங்கே பேசினாலும் அதைச் சொல்வேன் என்று வீட்டில் கேலி. ஆனால் ஆஷின் கதையைப் பாருங்கள். 1968இல் அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்தில் வென்றவர் அவர். பரிசுப் பணம் 14,000 டாலர், அது போனது தோற்ற டாம் ஓக்கருக்கு! ஆஷ் அப்போது அமெச்சூர், பரிசுப் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. இருந்த யானைக்குப் பொன் கிடைக்கவில்லை. 1993 பெப்ரவரியில், 49 வயதில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு பொன்னோடு ஆட்கள் வந்தார்கள். அதை எங்கே கொட்டுவது என்றுதான் சண்டை.

அவருடைய சொந்த ஊர் வர்ஜீனியாவில் ரிச்மண்ட். அங்கே மொன்யுமென்ட் அவென்யூ என்று ஒரு வீதி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையை விடமாட்டோம் என்று நின்ற பக்கத்துத் தலைவர்களுக்கு, ஜெனரல் லீக்கும் ஸ்டோன்வால் ஜாக்ஸனுக்கும் மற்றவர்களுக்கும், அங்கே பெரிய பெரிய சிலைகள். அதே வரிசையில் ஒரு கறுப்பின டெனிஸ்காரரை வைப்பதா? லீயின் பக்தர்களுக்குப் பிடிக்கவில்லை. கறுப்பின மக்களிலும் ஒரு பகுதியினருக்குப் பிடிக்கவில்லை, அவர்கள் பக்கத்தில் எங்கள் பிள்ளை ஏன் நிற்கவேண்டும் என்று. டெனிஸ்காரருக்கு அந்த வீதியில் என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. சிலையைப் பார்த்தால் ஒரு கையில் ராக்கெட், மற்றக் கையில் புத்தகங்கள், புத்தகம்தான் உயரத்தில், சுற்றிவரப் பிள்ளைகள். படத்தில் பார்த்தபோது, சொல்லக் கூடாது, பிள்ளைகளுக்கு அடி விழப் போகிறதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய மனைவி ஜீன் சொன்னதுதான். அந்த இடத்தில் சிலை வைப்பது கணவரைவிட ஊருக்குத்தான் பெருமை சேர்க்கும் என்று அந்த அம்மா பகிரங்கமாகவே எதிர்த்தார். கறுப்பின விளையாட்டு வீரர்களுக்கு ஒரு நினைவகம் ரிச்மண்டில் வரவேண்டும் என்பது ஆஷின் ஆசை. சிலை நிற்கிறதென்றால் அந்த நினைவகத்தில் நிற்கட்டும் என்றார் ஜீன். யாரும் கேட்கவில்லை. 1996 ஜூலை 10, ஆஷின் பிறந்தநாளில், அந்த வீதியிலேயே திரை விலக்கினார்கள்.

இந்த இடத்தில் எங்கள் கதை ஒன்று சொல்லியே ஆகவேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள், இந்த மண்டபத்திலேயே நாலைந்து பேர் அங்கே படித்தவர்கள், இப்போதே ஒருவர் நெளிகிறார். எங்களுக்கு டெனிஸ் பழக்கிய சேர் காலமாகி ஒரு வருஷம் ஆனபோது பழைய மாணவர்கள் பதினொரு பேர் கமிட்டி போட்டோம், பெரிய படம் ஒன்று மாட்டுவதற்கு. சேருக்கு இருந்ததே இரண்டு படம். ஒன்று அடையாள அட்டைப் படம், அதில் எல்லோருமே கள்வர்தான். மற்றது கோர்ட்டில் எடுத்தது. வெயிலில் நிறம் போன தொப்பி, முழங்கால்வரை காற்சட்டை, கையில் சுண்ணாம்பு வாளி, குனிந்து கோடு போடுகிறார். "வாளியோடு மாட்டினால் பெயின்ட் அடிக்க வந்தவர் என்று நினைப்பார்கள்" என்றார் லண்டனிலிருந்து வந்தவர். ராக்கெட் கட்டாயம் என்றார் இன்னொருவர். சேர் சைவப்பழம், திருநீறு இல்லாமல் எப்படி என்றார் மூன்றாமவர். டையும் கோட்டும் இருந்தால் ஒரு மதிப்பு என்று சொன்னது, உண்மையைச் சொன்னால், நான். எல்லாவற்றையும் ஒரு ஸ்டூடியோவில் சொன்னோம். அந்தத் தம்பி பாவம், நாங்கள் சொன்னதெல்லாம் செய்தார். கோட், டை, திருநீறு, சேர் ஆயுளில் காணாத தலைமுடி. வாளியை அழித்து அந்தக் கையில் ராக்கெட்டை வைத்தார். வாளி பிடித்த கை கீழே தொங்குகிற கை அல்லவா, ராக்கெட் செத்த கோழி மாதிரித் தொங்கியது. அதோடு சேர் இடக்கைக்காரர், ராக்கெட் இருந்தது வலக்கையில்.

திரையை விலக்கினோம். கைதட்டல். முன்வரிசையில் இருந்த சேரின் மனைவி கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டு, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார், "தம்பி, இவர் ஆர், ஸ்பொன்சரா?"

வாளிப் படம் இப்போது அவருடைய வீட்டில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருக்கிறது. போனால் பார்க்கலாம்.

சிரித்தது போதும். அதனால்தான் ஜீன் அம்மா சொன்னதில் பாதி, சிலையால் பெருமை வைக்கிறவர்களுக்குத்தான் என்பது, எனக்குச் சம்மதம். அந்த வீதி வேண்டாம் என்ற மற்றப் பாதிக்கு 2020உம் 2021உம் பதில் சொல்லிவிட்டன, அந்த வீதியில் லீயும் கூட்டாளிகளும் ஒவ்வொருவராக இறக்கப்பட்டார்கள், ஆஷ் மட்டும் நிற்கிறார்.

இரண்டாவது, நோய். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஏற்றிய இரத்தத்தால் ஹெச்ஐவி வந்தது. ஒரு பத்திரிகை விசாரிக்கத் தொடங்கியதும், 1992 ஏப்ரலில் தானே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டி வந்தது. ஒருவருடைய உடம்பு ஊருக்குச் சொந்தமா என்பது தனியாக ஒரு கூட்டம் வைக்க வேண்டிய கேள்வி... சரி தம்பி, மணி கேட்டது. தென்னாபிரிக்காவை டொக்டர் அம்மா தன் உரையில் தொடுவார் என்று நம்புகிறேன். அம்மா தலையாட்டவில்லை, பரவாயில்லை.

எனக்கு முக்கியமானது இதுதான். ஆஷின் அப்பா ரிச்மண்டில் புரூக் ஃபீல்ட் என்ற விளையாட்டு மைதானத்தின் காவலாளி. கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய மைதானம், வெள்ளையர் ஆடிய கோர்ட்டில் பையனை விடமாட்டார்கள். வீடு மைதானத்துக்குள்ளேயே. வாசற்படியை விட்டு இறங்கினால் டெனிஸ் கோர்ட். ஆறு வயதில் தாயை இழந்த பிள்ளை அங்கேதான் ராக்கெட் பிடித்தான். அது இருந்திருக்காவிட்டால் சிலை எங்கே வைப்பது என்று சண்டை பிடிக்க ஆளே இல்லை. யானைக்கு ஆயிரம் பொன் சரி, யானை குட்டியாக நின்ற இடத்துக்கு எத்தனை பொன்?

எங்கள் ஒழுங்கைக் கடைசியில் ஒரு கிரவுண்ட் இருக்கிறது. அரைக் கிரவுண்ட்தான். மழை பெய்தால் மூலையில் குளம், மற்ற நாளில் பின்னேரம் முப்பது பிள்ளைகள், சிங்களம் தமிழ் இரண்டிலும் சண்டை. அதை வாகனத் தரிப்பிடமாக்கப் போகிறார்களாம். யார் என்று சொல்ல மாட்டேன், கேட்டால் கோப்பில் இருக்கிறது என்கிறார்கள். அங்கே ஒரு விளையாட்டு வீரருக்கு நினைவுப் பலகையும் வைப்பார்களாம், நாற்பது காருக்கு நடுவில்! எனக்குப் பலகை வேண்டாம். கொழும்பில் கிரீன் பாத் என்ற வீதிக்கு ஆனந்த குமாரசுவாமி என்ற மேதையின் பெயர் வைத்து எத்தனை வருஷம், இன்றும் ஓட்டோக்காரரிடம் கிரீன் பாத் என்றுதான் சொல்கிறோம். அந்த மூலையில் இரண்டு கம்பமும் ஒரு வலையும் கட்டித் தரட்டும், கோட்டுக்குச் சுண்ணாம்பு நான் வாங்குகிறேன்.

பிரமுகர் வரவில்லை. சரி. வாசலுக்குப் பக்கத்து மேசையில் மனுத் தாள் இருக்கிறது. பேனையை நூலால் கட்டியிருக்கிறேன், போன தடவை மூன்று பேனை காணாமல் போனது. அதற்கு அடுத்த மேசையில்தான் வடை. முதலில் கையெழுத்து, பிறகு வடை. எண்ணெய்க் கையோடு தாளைத் தொடாதீர்கள். வணக்கம்.