பாபிலோன் விடுதியில் நான்கு பேர்

(கல்லூரி செல்லும் பிள்ளைகளை வழியனுப்பும் கூட்டம், தாராபுரம்)

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் ஐயா அவர்களே, சேகரச் செயலர், பொருளர் அவர்களே, காங்கேயம், மூலனூர், வெள்ளக்கோவில் சபைகளிலிருந்து வெயிலையும் பாராமல் வந்திருக்கிற பெரியோர்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த வாலிபர் ஐக்கியத் தம்பிகளே, பெண்கள் ஐக்கியச் சங்கத் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்து எங்களைக் கௌரவப்படுத்தியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இன்னும் பத்து நாளில் பெட்டி கட்டப்போகிற கண்ணுகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

தனிமரம் தோப்பாகாது. தென்னை வைத்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று, ஒத்தையாய் நிற்கிற மரத்தைத்தான் முதலில் சாய்க்கும்.

விடுதி, நண்பர்கள், தேர்வு, கைபேசி, ஞாயிற்றுக்கிழமை என்று ஐந்து காரியங்கள் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் வேதாகமத்தில் வருகிற தானியேலைப் பார்த்துவிடுவோம்.

எருசலேமிலிருந்து பாபிலோன் ராஜா பிடித்துக்கொண்டு போன பையன்கள். பாபிலோனில் மூன்று வருஷப் படிப்பு, நம்ம பி.எஸ்சி. மாதிரியே. விடுதி இலவசம், சாப்பாடு ராஜாவின் பந்தியிலிருந்து. போன உடனே பேரை மாற்றுகிறார்கள். தானியேல் பெல்தெஷாத்சார் ஆகிறான். அனனியா, மீஷாவேல், அசரியா மூவரும் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆகிறார்கள். கல்தேயருடைய, அதாவது பாபிலோன்காரர்களுடைய, எழுத்தையும் பாஷையையும் படிக்கச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் தானியேல் சண்டை போட்டானா? இல்லை. பேரை மாற்றினார்கள், பொறுத்துக்கொண்டான். பாடத்தைப் படித்தான், மற்றவர்களைவிட நன்றாகவே படித்தான். ராஜாவின் போஜனத்தாலும் திராட்சரசத்தாலும் தீட்டுப்படக்கூடாது என்று அதில் மட்டும் கோடு கிழித்தான். அந்தக் கோட்டையும் தட்டு முன்னால் வந்த பிறகு கிழிக்கவில்லை, முன்கூட்டியே இருதயத்தில் தீர்மானம் பண்ணியிருந்தான்.

முதலில் பெரிய அதிகாரி அஸ்பேனாஸிடம் கேட்கிறான். அவர், உங்கள் முகம் வாடினால் ராஜாவிடம் என் தலை போய்விடுமே என்று பயப்படுகிறார். தானியேல் தட்டைத் தூக்கி எறியவில்லை. கீழே இருக்கிற விசாரிப்புக்காரன் மேல்ஷாரிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாருங்கள், பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் போதும் என்கிறான். எவ்வளவு பணிவு, எவ்வளவு கணக்கு பாருங்கள்! பத்து நாள் கழித்து நான்கு முகங்களும் களையாக இருந்தன. நான்கு முகங்கள், ஐயா! அடுத்த அதிகாரத்தில் உயிருக்கே ஆபத்து வந்தபோதும் அவன் ராஜாவிடம் தவணை கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அந்த மூன்று பேரையும் ஜெபிக்கச் சொல்கிறான். தனிமரம் தோப்பாகாது என்பது தானியேலுக்கும் தெரிந்திருந்தது.

இனி உங்கள் விடுதி. பிறந்தநாள் ட்ரீட்டில் பாட்டில் வரும். "மாத்திரை சாப்பிடுறேன்டா" என்று சாக்கு சொல்லாதீர்கள். மாத்திரை ஒரு வாரத்தில் தீரும், அடுத்த வாரம் மறுபடி கேட்பான். "நான் குடிக்கிறதில்லடா" என்ற ஒரே வரியைச் சிரித்த முகத்தோடு முதல் நாளே சொல்லுங்கள். பரோட்டாவுக்கான உங்கள் பங்குப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், கஞ்சன் என்ற பேர் வராது. ஆய்வகத்தில் ஆயுதபூஜை வரும். மெஷின் துடைக்க, பெஞ்சு நகர்த்த முதல் ஆளாய் நில்லுங்கள். நண்பனுடைய வழிபாட்டைக் கேலி பேசவே கூடாது. படைத்த பொரியைச் சாப்பிடலாமா என்று கேட்டால், பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் பத்தாம் அதிகாரத்தை விடுதிக்குப் போகுமுன் வாசித்து, நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். கையில் தட்டு வந்த பிறகு யோசித்தால் தடுமாறுவீர்கள். தேர்வில் பிட் வேண்டாம், ப்ராக்ஸி வேண்டாம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ராகிங் என்றால் பொறுமை காட்டாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதலே தடைச் சட்டம் இருக்கிறது. 1800-180-5522 என்ற இலவச எண்ணைக் கைபேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இன்று நான் வந்ததே அதற்காகத்தான். பிள்ளை ஒரே நாளில் விசுவாசத்தை விடுவதில்லை. முதல் ஞாயிறு ரெக்கார்டு எழுதணும், இரண்டாம் ஞாயிறு ஆராதனையைக் கைபேசியில் பார்த்துக்கலாம், மூன்றாம் ஞாயிறு கோவை சிங்காநல்லூரில் பஸ் ஏறி ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம். நான்காம் ஞாயிறு தேடுவதற்கு ஆளே இல்லை. பிள்ளையைக் குறை சொல்கிறோம். தோப்பிலிருந்து பிடுங்கிய கன்றைத் தனியாக நட்டுவிட்டு வந்தது யார்?

ஆகவே சபையார் செய்ய வேண்டியது: சேர்க்கை உறுதியானதுமே அந்தக் கல்லூரிக்குப் பக்கத்துச் சபை ஆயருக்கு நம் ஆயர் கடிதம் எழுத வேண்டும். பேர், வகுப்பு, விடுதி, பெற்றோர் எண் இவ்வளவு போதும். அதேபோல் வெளியூரிலிருந்து வந்து நம் ஊரில் படிக்கும் பிள்ளைகளை நாம் தேடிப் போக வேண்டும். பெண்கள் விடுதியென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சபைக் கடிதத்தாளில் வார்டனுக்கு எழுதினால்தான் அவுட்பாஸ் எளிதாகும். அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் இரண்டு தாய்மார்கள் போங்கள்.

ஆராதனை முடிந்ததும் சாப்பாடு. பிரியாணி வேண்டாம். முதல் வாரம் பிரியாணி போட்ட சபை நான்காம் வாரம் செலவு தாங்காமல் நிறுத்திவிடும். இருபது பேருக்கு மூன்று கிலோ அரிசி, முக்கால் கிலோ துவரம்பருப்பு, இரண்டு கிலோ காய், இரண்டு லிட்டர் தயிர். வாரம் ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டால் வருஷத்துக்கு ஒரு முறைதான் உங்கள் முறை வரும். மூத்த மாணவர்களைப் புதியவர்களோடு கலந்து உட்கார வையுங்கள். தனிமரம் தோப்பாகாது.

கைபேசியைப் பற்றிப் பேச நேரமில்லை, ஆயர் ஐயா மணியைப் பார்க்கிறார். வெஸ்டிரியில், அதாவது ஆலயத்தை ஒட்டிய அறையில், மேசைமேல் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். இடப்பக்கம் கல்லூரி போகிற பிள்ளைகளின் விவரம், வலப்பக்கம் சாப்பாடு போடும் வீடுகள். இடப்பக்கம் பதினான்கு பேர் எழுதியாயிற்று. வலப்பக்கத்தில் ஜூலை முதல் ஞாயிறு இன்னும் காலியாக இருக்கிறது.