காதை மூடிக்கொண்டு ஒரு பாட்டு

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, எதிரணி அவிழ்த்துவிட்ட கதைகள் அதிகம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இசை வீடியோவில் கதை சொல்வது பாட்டின் வரிகளா, கேமராவும் ஒளியுமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? "கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்கலாம், காதை மூடிக்கொண்டு பாட்டுப் பார்க்க முடியுமா?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

முடியும் ஐயா. பார்த்தவள் என் மகள், வயது ஐந்து.

என் நண்பன் ஒரு காதல் பாட்டைப் படமாக்கினான். கைவசம் ஒரே விளக்கு. அதன் தாங்கியும் உடைந்துவிட்டது. விளக்கைத் தரையில் வைத்து நாயகியின் முகத்துக்குத் திருப்பிவிட்டான். வீட்டில் போட்டுக் காட்டினான். அப்பா தூங்குகிறார் என்று ஒலியை அணைத்துவிட்டோம். நாயகி மெல்லத் திரும்புகிறாள். மோவாயிலிருந்து வெளிச்சம் ஏறுகிறது. மூக்கின் நிழல் நெற்றிக்குப் போகிறது. அவள் புன்னகைக்கிறாள். "பேய்!" என்று அலறினாள் என் மகள். கவனியுங்கள், நாயகி புன்னகைதான் செய்தாள்! அங்கே கவிஞர் "கண்ணே" என்று உருகிக்கொண்டிருக்கிறார்; இங்கே குழந்தை கட்டிலுக்கு அடியில். அலறல் கேட்டு அப்பா எழுந்து வந்தார், திரையைப் பார்த்தார், அவரும்... வேண்டாம், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மறுவாரம் விளக்கை முகத்துக்கு மேலே, சற்றுப் பக்கவாட்டில் உயர்த்தி, முன்னால் வெள்ளைத் துணி கட்டினான். அதே நாயகி, அதே பாட்டு. "அக்கா அழகு" என்றது குழந்தை. ஒரு வரியாவது மாறியதா? விளக்குதான் நாலடி ஏறியது. எதிரணித் தலைவர் இன்றிரவு கைபேசி விளக்கை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு தாலாட்டுப் பாடட்டும். எந்தக் குழந்தை தூங்குகிறது என்று பார்த்துவிடுவோம்!

1975-இல் குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'போஹீமியன் ராப்சடி' பாட்டு வீடியோவில் ஒளி தலைக்கு நேர் மேலிருந்து விழுந்தது. கண்குழிகள் இருண்டு, நான்கு முகங்களும் இருட்டில் மிதந்தன. அது வேறு வகை அச்சம், கோயில் கருவறை அச்சம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரே நிமிடம்.

என் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் காது கேட்கவில்லை. ஒருநாள் தொலைக்காட்சியில், 1990-இல் வெளியான 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாட்டு ஓடியது. பின்னால் கறுப்பு, ஒட்ட வெட்டிய தலை, ஐரிஷ் பாடகி ஷினேட் ஓகானரின் முகம். பெரும்பாலான நேரம் கேமரா அந்த முகத்தைவிட்டு நகரவில்லை. முடிவை நெருங்கும்போது கண்ணீர் வழிந்தது. காதலன் பிரிந்த பாட்டு என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பாட்டி மட்டும், "இந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லை போலிருக்கிறது" என்றார். சிரித்துவிட்டோம்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். அந்தக் கண்ணீர் திட்டமிட்டதல்ல, இறந்துபோன தன் தாயின் நினைவில் வந்தது என்று பாடியவரே சொல்லியிருக்கிறார். நாங்கள் சிரித்தது தவறு என்று பாட்டியிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பாட்டி இல்லை.

வணக்கம்.