மலையிலிருந்து ஆறு வரை: சியாங் மாயில் ஒரு ஸ்கூட்டர்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் பைக் வாடகைக்கு எடுத்துப் பழைய நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த ஊர் என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது சியாங் மாய். வடக்குத் தாய்லாந்தில், லன்னா அரசின் தலைநகராக இருந்த ஊர்.

ஏன் அந்த ஊர்? தாய்லாந்திலும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். பழகிய கையும் கண்ணும் தடுமாறாது. அதைவிட முக்கியம், லைசென்ஸ் விஷயம். இந்தியாவும் இலங்கையும் 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கொடுக்கின்றன. தாய்லாந்து அதை ஏற்கிறது. வியட்நாம் சேர்ந்திருப்பதோ 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தில். அதனால் நம் அனுமதி அங்கே செல்லாது. அந்நாட்டின் ஹனோயிலும் ஹோய் ஆனிலும் வாடகைக் கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். விபத்து என்று வந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது செல்லுபடியாகும் லைசென்ஸைத்தான். இது தெரியாமலே அங்கே ஓட்டிவிட்டுத் திரும்பும் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர்.

தமிழ்நாட்டில் இந்த அனுமதியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்க வேண்டும். ஓராண்டு செல்லும். வாங்கியவுடன் இருசக்கர வாகனத்துக்கான கட்டத்தில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். காருக்கு மட்டும் முத்திரை விழுந்த அனுமதியை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. ஊர் லைசென்ஸையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். சியாங் மாயில் பழைய நகரத்தைச் சுற்றிய அகழி ஓரத்துச் சாலைகளில் போலீஸ் அடிக்கடி நிறுத்திப் பார்க்கிறது. ஹெல்மெட்டையும் லைசென்ஸையும்தான் முதலில் பார்ப்பார்கள்.

கடையில் 125 சிசி ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 200 முதல் 300 பாத்துக்கு (தாய்லாந்து நாணயம்) கிடைக்கும். முன்பணமாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். ரொக்கத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட் நகல் மட்டும் எடுத்துக்கொள்ளும் கடைகள் ஊரில் ஏராளம். வண்டியை வெளியே எடுக்கும் முன் கீறல், நெளிவு எல்லாம் தெரியும்படி போனில் ஒரு சுற்று வீடியோ எடுங்கள், கடைக்காரர் பார்க்கும்படியே எடுங்கள். டயர், பிரேக், விளக்கு. ஹெல்மெட் தலையில் ஆடினால் வேறு கேளுங்கள். வண்டியோடு வரும் கட்டாயக் காப்பீடு ஆளுக்கு ஏற்படும் காயத்துக்கு ஒரு வரம்பு வரைதான் உதவும், வண்டிச் சேதத்துக்கு ஆகாது. தாய்லாந்தில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்தான். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

சரி, ஊருக்கு வருவோம்.

சியாங் மாயை மெங்ராய் மன்னர் நிறுவியது 1296இல். இடம் தேர்ந்தெடுக்கும்போது சுக்கோத்தாயின் ராம்கம்ஹேங், பயாவோவின் ங்காம் முவாங் என்ற இரண்டு நண்பர்களை, அவர்களும் மன்னர்கள்தான், கூட அழைத்து யோசனை கேட்டார் என்பது வரலாறு. மூவரும் நின்று பேசுவது போன்ற சிலை நகரின் நடுவில் இருக்கிறது. அவர்கள் பார்த்தது நிலத்தின் சரிவை. மேற்கே சுதேப் மலை, கிழக்கே பிங் ஆறு. மலையிலிருந்து இறங்கும் ஓடை நகரத்துக்குத் தண்ணீர் தரும்; மிஞ்சியது ஆற்றுக்குப் போய்விடும். சுற்றுலாப் பேருந்தில் கோயில் கோயிலாக இறங்கி ஏறுகிறவருக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது. ஸ்கூட்டரில் தெரியும். அதனால் நான் சொல்லும் வழி, தண்ணீர் போகிற வழியே போவது. மலையில் தொடங்கி ஆற்றில் முடிப்பது.

காலையில் முதலில் மலை ஏறுங்கள். அடிவாரத்திலிருந்து சுதேப் கோயில் வரை சுமார் 11 கிலோமீட்டர், வளைந்து வளைந்து போகும் தார்ச்சாலை. சாலை வருவதற்கு முன்பெல்லாம் நடந்துதான் ஏற வேண்டும். 1934 நவம்பரில் குருபா சிவிசாய் என்ற துறவி அழைக்க, மக்கள் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். கூலி இல்லாத வேலை. 1935 ஏப்ரல் கடைசியில் முதல் கார் மேலே போய்விட்டது. ஆறு மாதம்கூட ஆகவில்லை! சாலை தொடங்கும் இடத்தில் அந்தத் துறவிக்குச் சிலை உண்டு. உள்ளூர்க்காரர்கள் நின்று மாலை சாத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். நாமும் ஒரு நிமிடம் நிற்கலாம், அவர் போட்ட சாலையில்தானே போகப் போகிறோம்.

கோயில் 1383இல் குவேனா மன்னர் காலத்தில் தொடங்கியது. புத்தரின் திருவெச்சத்தை, அதாவது உடல் எச்சத்தை, ஒரு வெள்ளை யானையின் முதுகில் ஏற்றி அதன் போக்கில் விட்டார்களாம். யானை மலையேறி, பிளிறி, ஓரிடத்தில் விழுந்து உயிரை விட்டதாம். அங்கேதான் பொன் தகடு போர்த்திய இன்றைய தூபி நிற்கிறது. கீழே வண்டியை நிறுத்தி, இருபுறமும் நாகம் நெளியும் 300க்கும் மேற்பட்ட படிகளில் ஏற வேண்டும். மேலே முற்றத்தின் ஓரத்திலிருந்து ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கும் புகையில் எதுவும் தெரியாது, மூச்சும் முட்டும். அந்த மாதங்களில் போகாமலிருப்பதே நல்லது. நவம்பர், டிசம்பர்தான் சரியான காலம்.

இறங்கும்போதுதான் கவனம் தேவை. கியர் வண்டியில் கியரைக் குறைத்து இறங்கிப் பழகியவருக்கு, தானியங்கி ஸ்கூட்டரில் அந்த வசதி இல்லை என்பது முதல் வளைவிலேயே உறைக்கும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பின்னால் வரும் சிவப்பு ஷேர் வண்டிக்காரர் அவசரப்படுவார். ஒதுங்கி வழிவிடுங்கள்.

அடிவாரத்தில் ஹுவாய் கேவ் சாலை. அதே பெயர் கொண்ட ஓடைதான் மலைநீரை நகரத்துக்குக் கொண்டுவந்தது. சாலை நேராகப் போய் அகழியின் வடமேற்கு மூலையில் முட்டும். ஹுவா லின் என்ற அந்த மூலையில்தான் தண்ணீர் நகரத்துக்குள் நுழைந்தது. பழைய செங்கல் கொத்தளம் இன்னும் நிற்கிறது. நான் பார்த்தவரை யாரும் அங்கே நின்று படம் எடுப்பதில்லை. எல்லாரும் கிழக்கே தா பே வாசலுக்குப் போய்ப் புறாக்களோடு படம் எடுக்கிறார்கள். அந்த வாசல் 1980களில் திரும்பக் கட்டப்பட்டது.

அகழி கிட்டத்தட்ட ஒரு சதுரம். வெளிப்புறச் சாலையில் வண்டிகள் கடிகாரம் சுற்றும் திசையில் போகும், உட்புறச் சாலையில் அதற்கு எதிர்த்திசையில். எந்தச் சாலையானாலும் தண்ணீர் உங்கள் வலப்பக்கம் இருந்தால் சரியான திசையில் போகிறீர்கள். இடப்பக்கம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அப்புறம் ஏப்ரல் நடுவில் சோங்க்ரான் புத்தாண்டு வரும். அந்த நாட்களில் வண்டியைத் தொடவே வேண்டாம். அகழித் தண்ணீரை வாளி வாளியாக ஓட்டுகிறவர் முகத்திலேயே ஊற்றுவார்கள், எல்லாம் அன்பாகத்தான்.

மதிலுக்குள் போனதும் வண்டியை நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள். பெரும்பாலான கோயில்கள் நடக்கிற தூரத்தில்தான். நேரம் குறைவென்றால் வாட் செடி லுவாங் ஒன்று போதும். 15ஆம் நூற்றாண்டில் திலோகராஜ் மன்னர் காலத்தில் சுமார் 80 மீட்டர் உயரம் எழுந்த செங்கல் தூபி அது. இப்போது பாங்காக்கில் இருக்கும் மரகதப் புத்தர் சிலை 1468இலிருந்து பல பத்தாண்டுகள் இதன் மாடத்தில்தான் இருந்தது. 1545 நிலநடுக்கத்தில் மேற்பகுதி இடிந்து விழுந்தது. 1990களில் கீழ்ப்பகுதியைச் சீராக்கியவர்கள் உச்சியைத் திரும்ப எழுப்பவில்லை. அது எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஊகித்துக் கட்டி வைக்காமல் விட்டார்களே, அதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். அதே வளாகத்தில், ஊரைக் காப்பதாக நம்பப்படும் நகரத் தூண் இருக்கும் சிறு மண்டபத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. பலகை வைத்திருக்கிறார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் முன்பே தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்.

மாலையில் தெற்கே கிளம்புங்கள். ஐந்தாறு கிலோமீட்டரில், பிங் ஆற்றை ஒட்டி, வியாங் கும் காம். சியாங் மாய்க்கு முன் மெங்ராய் கட்டிய தலைநகரம். வெள்ளம் தொல்லை தந்ததால்தான் அவர் மேட்டுநிலம் தேடிப் போனார். ஊர் அதற்குப் பிறகும் பிழைத்திருந்து, பின்னாளில் வண்டலுக்கு அடியில் போயிற்று. 1984இல் அகழாய்வில் வெளிவந்தது. வீடுகளுக்கும் லாங்கன் பழத்தோட்டங்களுக்கும் நடுவே, தரைமட்டத்துக்குக் கீழே பள்ளங்களில் கோயில் அடித்தளங்கள் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குறுகலான சந்துகள். பேருந்து நுழையாது, நடக்கத் தூரம் அதிகம். ஸ்கூட்டருக்கென்றே அமைந்த இடம். செடி லியாம் என்ற தூபி புதையாமல் நிமிர்ந்து நிற்கிறது, ஐந்து அடுக்கு, 60 புத்தர் மாடங்கள். 1908இல் பர்மிய வணிகர் ஒருவர் புதுப்பித்ததால் சிற்பங்களில் பர்மியச் சாயல் தெரியும்.

மெங்ராய் பயந்த ஆறு இன்னும் அடங்கவில்லை. 2024 அக்டோபரில் பிங் ஆறு கரை கடந்து, நைட் பஜார் இருக்கும் சாங் கிளான் சாலை வரை தண்ணீர் நின்றது. மழைக்காலத்தில் போகிறவர்கள் ஆற்றோரம் அறை எடுப்பதற்கு முன் அதையும் யோசியுங்கள். அகழிக்கு மேற்கே நிறைய விடுதிகள் இருக்கின்றன. மலைக்கும் பக்கம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எடுத்தபோது இருந்த அளவுக்குப் பெட்ரோலை நிரப்பி, காலையில் எடுத்த வீடியோவைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு முன்பணத்தைக் கேளுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.