பிள்ளையார் சிரிக்கப் போட்ட தோப்புக்கரணம்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளுக்கு நான் பி.டி. டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அதே பெயர்தான். வீட்டிலேயே செய்யக்கூடிய, செய்தால் உடம்புக்கும் மனசுக்கும் இதமாக இருக்கிற பயிற்சிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், இதைப் பேச எனக்கு அருகதை இருக்கிறதா என்ற யோசனை வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தாள். நாற்பது வயதிருக்கும். "டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா?" என்றாள். முகம் நினைவிருந்தது, பெயர் வரவில்லை. சர்க்கரை வந்துவிட்டதாம். தினமும் உடற்பயிற்சி செய்யும்படி டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு நம்ம மைதானம்தான் டீச்சர் ஞாபகம் வருது. எட்டாவது படிக்கிறப்ப ரிப்பன் கட்டாம வந்தேன்னு அஞ்சு ரவுண்டு ஓடவிட்டீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். தாமதமாக வந்தால் ஓடு, பேசினால் தோப்புக்கரணம் போடு, வீட்டுப்பாடம் எழுதவில்லையா, வெயிலில் நில். உடம்பை அசைப்பது என்றாலே ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்ற நினைப்பைப் பிள்ளைகள் மனதில் நாங்களே ஏற்றிவிட்டோம். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. டாக்டர் சொன்னதும் கொஞ்ச நாள் வேண்டா வெறுப்பாகச் செய்வார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள். பாதிக் குற்றம் என்னுடையது.

தோப்புக்கரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருமாலின் சக்கரத்தைக் குழந்தைப் பிள்ளையார் வாயில் போட்டுக்கொண்டார். கேட்டால் தரவில்லை. மிரட்டவும் முடியாது, சிவன் வீட்டுப் பிள்ளை. திருமால் பார்த்தார், காதுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து வேடிக்கை காட்டினார். பிள்ளையார் விழுந்து விழுந்து சிரித்ததில் சக்கரம் வாயிலிருந்து கீழே விழுந்துவிட்டது. கதைப்படி தோப்புக்கரணம் ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்கச் செய்த கூத்து. கையால் காதைப் பிடிப்பது என்று பொருள்படும் 'தோர்பி கர்ணம்' என்ற வடமொழிச் சொல்தான் நம் வாயில் அப்படி ஆயிற்று என்பார்கள். பிள்ளையார்பட்டிக்குப் போனால் கற்பக விநாயகர் முன்னால் பாருங்கள். சிறுசு முதல் கிழடு வரை போடுகிறார்கள், யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. அதையே பள்ளிக்கூடத்தில் போடச் சொன்னால் அழுகிறார்கள்.

ஆக, முதல் பயிற்சி அதுதான். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். இடது கையால் வலது காது, அதன் மேல் வலது கையால் இடது காது. மூச்சை இழுத்தபடி நிதானமாகக் கீழே, விட்டபடி மேலே. குதிகால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது, முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. காது மடலைப் பிடித்தால் மூளை கூர்மையாகும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. தொடையும் இடுப்பும் வலுப்படும், அதற்கு நான் பொறுப்பு. உடம்பின் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அவை வேலை செய்தால் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவு செய்யும்.

முழங்கால் வலிக்காரர்கள் இதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். உங்களுக்காகத்தான் நம் ஊரில் திண்ணை கட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். எழுபத்து நாலு வயது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டில் அவரும், சமைக்க வருகிற ஒரு பெண்ணும்தான். மகன் குடும்பம் சிங்கப்பூரில். இப்படிப்பட்ட வீடுகள் செட்டிநாட்டில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். படப்பிடிப்புக்காரர்களும் சுற்றுலாக்காரர்களும் வந்து தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் இருக்கிற அமைதி, அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆச்சி சரியாகத் தூங்குவதில்லை, எதிலும் பிடிப்பில்லை, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பயம். நான் போய்ப் பேச்சை எடுத்தவுடன், "என்னாத்தா, இந்த வயசுல என்னையத் தண்டால் எடுக்கச் சொல்றியா?" என்றார்.

தண்டால் எல்லாம் வேண்டாம், ஆச்சி, திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருங்கள் போதும் என்றேன். கையை ஊன்றாமல் எழ வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் மூன்று தடவை எழுந்தார், அதிலும் ஒரு தடவை தூணைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதத்தில் பத்து. இது கேட்க அற்பமாகத் தெரியும். முப்பது நொடியில் ஒருவர் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று எண்ணித்தான் முதியவர்களின் கால் வலுவை மருத்துவர்களே அளக்கிறார்கள். கழிவறையில் எழ முடியுமா, பேருந்தில் ஏற முடியுமா என்பதெல்லாம் இந்த ஒரு அசைவில் அடங்கியிருக்கிறது.

அப்புறம் ஆத்தங்குடிக் கல். தரை முழுக்கப் பூப்போட்ட சதுரங்கள், பார்த்துப் பார்த்துப் பதித்தவை. சிறு வயதில் அதில் நொண்டியடித்திருப்பீர்கள். இப்போது அந்தச் சதுரங்களின் ஓரக் கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகால் அடுத்த பாதத்தின் விரலைத் தொடும்படி நடந்து பாருங்கள். ஐந்தாவது அடியில் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்யப் பழகுவதுதான் பயிற்சி. சுவரோரமாகவே நடங்கள். வெறுங்காலோடு செய்யுங்கள், சாக்ஸ் வேண்டாம், தரை ஈரமாக இருந்தால் தொடவே வேண்டாம். அந்தக் கல் காய்ந்திருக்கும்போதே கண்ணாடி மாதிரி.

சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பதும் நல்லதுதான். ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் வைத்து, மார்பைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். ஆனால் நம் பழைய வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி மெருகேற்றியவை. வியர்த்த கை வழுக்கிவிடும். எனக்கு ஒருமுறை வழுக்கி நெற்றியில் புடைத்தது. பி.டி. டீச்சருக்கு நெற்றியில் புடைப்பு என்று தெருவே சிரித்தது. தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது இன்னும் பத்திரம். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை இறுகும்போதும் காலில் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளிவிடும். சாயங்காலமானால் கால் கனக்கிறது என்பவர்கள் செய்து பாருங்கள்.

வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் நடப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் வெளியே கால் வைக்க முடியாதபோது இதைவிட நல்ல நடைபாதை எங்கே கிடைக்கும்? சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடங்கள். கும்மாயமும் வெள்ளைப் பணியாரமும் சாப்பிட்ட அன்று பதினைந்து நிமிடம். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எகிறுவது அதனால் குறையும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தாலும் கால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எடை தூக்க ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் போதும். அது ஏறக்குறைய ஒரு கிலோ.

இந்த இடத்தில் யாராவது, "அந்தக் காலத்தில் உரல், உலக்கை, அம்மி, கிணறு, அதுவே உடற்பயிற்சி" என்று ஆரம்பிப்பார்கள். மேடையில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். சொல்கிறவர்கள் பெரும்பாலும் உலக்கை பிடித்தவர்களாக இருக்க மாட்டார்கள். என் அப்பத்தா இடித்தவர். ஐம்பது வயதில் அவர் முதுகு வளைந்துவிட்டது, வலது தோளைத் தூக்க முடியாது. ஊரணியிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்ததில் அவருக்கு எந்தச் சந்தோஷமும் இருந்ததாக நான் பார்த்ததில்லை. கும்மியடிக்கும்போது மட்டும் அந்த முகம் வேறு மாதிரி இருக்கும். அதே கை, அதே கால்தான். அங்கே நிறுத்த நினைத்தால் நிறுத்தலாம், பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள், பாட்டு இருக்கும்.

மனசுக்கு இதம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் கும்மியைத்தான் காட்டுவேன். விஞ்ஞானமும் ஏதோ சொல்கிறது. உடம்பு கொஞ்ச நேரம் அசைந்தால் எண்டார்பின் சுரக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதோடு, கஞ்சாவில் இருக்கும் பொருளை ஒத்த ஒன்றை நம் உடம்பே தயாரித்து இரத்தத்தில் விடுகிறதாம். போலீஸ் பிடிக்காத கஞ்சா. பதற்றம் தணிவதும், இரவில் தூக்கம் கூடுவதும் அனுபவத்தில் தெரியும். ஆனால் பிடிக்காத ஒன்றை முறைத்துக்கொண்டே செய்தால் நாலாம் நாள் நின்றுவிடும். சுரப்பதாவது ஒன்றாவது.

சந்தையில் பார்த்த அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். உடற்பயிற்சி என்ற சொல்லையே விடு, உனக்கு என்ன பிடிக்கும் என்றேன். சின்ன வயதில் டான்ஸ் ஆடுவேன் டீச்சர் என்றாள். போன மாதம் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். காலையில் அடுப்பில் இட்லி ஏற்றிவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம். இட்லி வேக ஆகிற நேரம் மூன்று பாட்டு. "மூணாவது பாட்டு முடியறப்ப மூச்சு வாங்குது டீச்சர், இட்லியும் வெந்துடுது." பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அந்த வேகம் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை இப்படி மிதமான வேகத்தில் அசைவு வேண்டும் என்றும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் சேர்த்து. 150 என்றதும் மலைக்காதீர்கள். இட்லிக்கு வைத்த நேரத்தைப் போல இரண்டு வேளை, வாரம் முழுக்க. கணக்குச் சரியாக வந்துவிடும். அது முடியாதவர்கள் முடிந்ததைச் செய்யட்டும், கொஞ்சமும் நல்லதுதான் என்றே அந்த வழிகாட்டியும் சொல்கிறது.

வானொலியில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1928-ல் அங்கே வானொலி வழியாக உடற்பயிற்சி தொடங்கினார்கள். உலகப் போருக்குப் பின் நின்றுபோய், 1951-ல் புது வடிவில் மறுபடி வந்தது. இன்றும் காலை ஆறரை மணிக்குப் பியானோ இசையோடு ஒலிக்கிறது. பதின்மூன்று அசைவுகள், மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் பூங்காவில் கூடிச் செய்வார்கள். வந்த பிள்ளைகளின் அட்டையில் ஒரு முத்திரை குத்துவார்களாம். வராத பிள்ளையை ஐந்து ரவுண்டு ஓடவிடுகிற வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் ஆச்சிக்கு முத்திரை குத்துவது அவர் பேரன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, சிங்கப்பூரில் இரவு எட்டு, வீடியோவில் வருவான். ஆச்சி திண்ணையில் எழுந்து உட்கார, அவன் அங்கே சோபாவில் எழுந்து உட்காருவான். "அப்பத்தா, ஏழுதான் ஆச்சு, ஏமாத்தாதீங்க" என்பான். முன்பெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது அரைமணி நேரம் போகிறது. தூக்கம் வந்தது இதனாலா, அதனாலா என்று ஆச்சியும் ஆராய்வதில்லை, நானும் கேட்பதில்லை.

சில எச்சரிக்கைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதய நோய் உள்ளவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மனம் வாரக்கணக்கில் இருண்டே கிடந்தால், எழவே பிடிக்கவில்லை என்றால், அது தோப்புக்கரணத்தால் மட்டும் தீராது. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

படுக்கப் போகுமுன் ஒரே ஒன்று. நாலு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். பத்து முறை போதும். ஆச்சி எட்டாவதிலேயே தூங்கிவிடுவதாகச் சொல்கிறார்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப் போகிறது. அடுத்து நிலையத்தார் ஒரு பாட்டுப் போடுவார்கள். அதற்கு முன் எல்லோரும் எழுந்திருங்கள். முழங்கால் வலிக்காரர்கள் திண்ணை ஓரத்துக்கு வாருங்கள். அடுக்களையில் இருப்பவர்கள் அடுப்பைக் குறைத்து வையுங்கள். தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், திருமாலைப் பார்த்தும்தான் சிரித்தார்கள். நானும் இங்கே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுத் தம்பியும் நிற்கிறார். ஐந்தே ஐந்து, அதிகம் இல்லை. காதைப் பிடித்தாயிற்றா?

ஒன்று.