சவுண்ட் மோடை நிப்பாட்டுங்க, லைற்றை லப்டொப்பில பிடிங்க

வணக்கம் மக்களே. மட்டக்களப்பு கல்லடியிலயிருந்து கதைக்கிறன். மேசையில லப்டொப், நாலு பார் லைற், ரெண்டு மூவிங் ஹெட் (தலை திரும்புற லைற்) எல்லாம் பூட்டிக் கிடக்கு. இண்டைக்கு டிஎம்எக்ஸ் கதைதான், அதாவது லப்டொப்பில இருந்து கேபிள் வழியா லைற்றுகள ஆட்டிவைக்கிற சிக்னல்.

நம்மட பக்கம் கல்யாண ஹோல் எண்டாலும் சரி, அறுகம்பே சீசன் பார்ட்டி எண்டாலும் சரி, கன டிஜேமார் லைற்ற சவுண்ட் மோடில விட்டுருவாங்க. பேஸ் அடிச்சாலும் மின்னும், மைக்கில ஆரும் கதைச்சாலும் மின்னும். பொம்பிள மாப்பிள உள்ளுக்க வரக்குள்ள அது தேவையா? பாட்டு ஏறக்குள்ள இருட்டா வெச்சிருந்து, ட்ரொப் (பேஸ் ஓங்கி இறங்குற இடம்) விழக்குள்ள ஒரேயடியா வெள்ளையத் திறந்து பாருங்க, சனம் துள்ளும். அத நீங்கதான் செய்யணும், லைற்றுக்குள்ள இருக்கிற மைக்குக்கு அது தெரியாது.

பெரிய கன்சோல் வாங்கத் தேவல்ல. கியூஎல்சி பிளஸ் எண்ட லைற் சொஃப்ட்வெயார் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூண்டிலயும் ஓடும். லப்டொப்புக்கும் லைற்றுக்கும் நடுவுல ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வேணும், அதில மட்டும் காசு பார்க்காதீங்க. மலிவானதுல சிக்னல் உண்டாக்கிற வேலை முழுக்க லப்டொப்பிட தலையில விழும். பாட்டும் அதிலயே ஓடினா லைற் விக்கி விக்கி எரியும். என்டெக் டிஎம்எக்ஸ் யுஎஸ்பி புரோ மாதிரி உள்ளுக்கயே தனிச் சிப் இருக்கிறத எடுங்க.

இனி அட்ரஸ், அதாவது ஒரு லைற் எந்தச் சேனல்ல தொடங்குது எண்ட நம்பர். நிறம், வெளிச்சம் மாதிரி ஒவ்வொண்டுக்கும் ஒரு சேனல். ஒரு யுனிவர்ஸில (ஒரு டிஎம்எக்ஸ் லைன்ல) 512 சேனல், ஒவ்வொண்டும் 0 தொடக்கம் 255 வரை போகும். இஞ்ச பாருங்க, இந்தப் பார் லைற் 7 சேனல். முதலாவதுக்கு 1, அடுத்ததுக்கு 8, பிறகு 15, 22. மூவிங் ஹெட் 29ல தொடங்குது. ரெண்டு பாருக்கு ஒரே அட்ரஸ் குடுத்தா ரெண்டும் ஒரே நிறத்திலதான் எரியும். சில இடத்தில அதுவே வடிவு.

கேபிள் விசயத்தில நான் கொஞ்சம் கடுமைதான். மைக் கேபிளக் கொளுவினாலும் எரியும், ஓம். ஆனா நீளம் கூடினா சிக்னல் கலங்கி, மூவிங் ஹெட் சும்மா நிக்கக்குள்ளயே தலைய வெட்டும். டிஎம்எக்ஸ் கேபிளையே போடுங்க. ஒரு லைற்றில இருந்து அடுத்ததுக்கு வரிசையாப் போகணும், வை கேபிள் போட்டுப் பிரிக்காதீங்க. இந்தா, இதுதான் டெர்மினேட்டர், சிக்னல் கடைசியில முட்டித் திரும்பி வராமத் தடுக்கிறது. பிளக்குக்குள்ள 2ம் 3ம் பின்னுக்கு நடுவுல 120 ஓம் ரெசிஸ்டர், ஈயம் வெச்சு ஒட்டினது. கடைசி லைற்றிட அவுட்டில குத்தி விடுங்க. நம்மட உப்புக் காத்துக்குப் பின்னெல்லாம் கறுத்துப் போகும், ஒவ்வொரு வேலைக்கு முதலும் துடைங்க.

உங்கட லைற் எத்தின சேனல் எண்டு கமென்ட்டில போடுங்க. மேனுவல் இல்லாட்டி மொடல் நம்பரப் போடுங்க. லைற்றிட சேனல் விபரத்த சொஃப்ட்வெயாருக்குச் சொல்லுற ஃபிக்ஸ்சர் ஃபைல் நாமளே செய்யிற விதத்த அடுத்த வீடியோவில காட்டுறன்.